வாசனை எடுத்த களிம்பு

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு களிம்பு டப்பாவில் ‘ஆளி விதைச் சாறு’ என்று படித்ததில் தொடங்கியது இந்தக் கதை. முதலில் யார் கையில் தடவிப் பார்த்திருப்பார்கள்? யாரும் சொல்லாததால் நானே ஒரு கையைத் தேடினேன்.

முதல் வரி: ‘ஆளி விதையைக் கொதிக்க வைத்தால் கொழகொழவென்று’

சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

2.

கிடைத்தது ஓர் அண்ணியின் கை. அவள் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒவ்வொரு பிள்ளையைத் தொடும் முன்னும் பின்னும் கழுவிக் கழுவி அவள் கை வெடித்துவிட்டது. மருந்தில் ஆறும், வேலைக்குப் போனால் மறுபடி வெடிக்கும். கடைசியில் அவளை அலுவலக மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவளுடைய நாத்தனார், ஒரு சின்ன நிறுவனத்தில் களிம்பு தயாரிப்பவள். (இவளை முதலில் கர்வக்காரியாக எழுதினேன். ஒட்டவில்லை.) ஆளி விதையின் கொழகொழப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று அதைச் சேர்த்து ஒரு களிம்பு செய்திருந்தாள். ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினாள்.

அண்ணி தடவியதும் கையை உதறினாள். “எரியுதும்மா. ஊரையே தூக்குற வாசனை வேற. இதோட பிள்ளைங்க பக்கம் போக முடியுமா?”

நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும், “வாசனைதான் எரியுது அண்ணி, விதை இல்ல. வாசனைய எடுத்துட்டு வேற செஞ்சு கொண்டு வரேன்” என்றாள்.

3.

(இங்கே முதலாளியோடு பெரிய சண்டை வைக்க ஆசைப்பட்டேன். நாத்தனார் விடவில்லை.)

“வாசனை இல்லாம யாரு வாங்குவா?” என்றார் முதலாளி.

“விக்க இல்ல சார். எங்க அண்ணிக்கு ஒரு டப்பா.”

“அப்படின்னா செஞ்சுக்கோ.”

புண் ஆறியபின் அண்ணி புதுக் களிம்பைத் தடவினாள். முகர்ந்தாள். “ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.” சற்றுப் பொறுத்து, “எரியல” என்றாள். ஒவ்வொரு முறை கழுவியதும் தடவினாள். தோல் தாங்கியது. வார்டுக்குத் திரும்பினாள்.

ஒருநாள் நாத்தனாருக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. “டப்பா காலி. நான் எங்க தடவுனேன், வார்டே தடவுது. பெருசா ஒண்ணு கொண்டா.”

நாத்தனார் சிரித்துக்கொண்டே முதலாளியின் அறைக்குப் போனாள்.

4.

வாசனையில்லாத களிம்பை விற்க முதலாளி சம்மதிப்பதாக ஒரு முடிவு எழுதினேன்; தலையாட்டி மறுப்பதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தாயிற்று. கடைக்குப் போகிறவர் நீங்கள். அதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வார்டை விட்டு வர மனமில்லை. அங்கே அண்ணி ஒரு பிள்ளையைத் துடைத்துப் படுக்க வைக்கிறாள், கை கழுவுகிறாள், களிம்பு தடவுகிறாள், தன் கையைப் பார்க்காமலே அடுத்த தொட்டிலுக்குப் போகிறாள்.