மணி இருந்த பக்கம்

பஞ்சுப் பொதியிலிருந்து மாதிரி இன்ஜினை எடுத்து லாயிட் ஹ்ரெஸ்கோவின் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு சாண் நீளம், எண் 2316. அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. போன வருடமென்றால் கொண்டுபோயிருப்பார்.

ரயில் நகரமான அல்டூனாவில் மாதிரி ரயில்கள் விற்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் புது வெளியீட்டு அறிவிப்புகளை வானிலை அறிக்கைபோலப் படிப்பார்கள். நம்பாமல், ஆனால் தவறாமல். மலைப்பாதையில் ஓடிய அந்த டீசல் இன்ஜினும் அது இழுத்த நிலக்கரி வேகன்களும் மாதிரிகளாக அக்டோபரில் வருமென்று அறிவித்த அன்றே ஹ்ரெஸ்கோ முன்பதிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருடம் அவர் ஓட்டிய இன்ஜின். அவர் பார்வை இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்டோபர் பிப்ரவரியானது, பிப்ரவரி ஆகஸ்டானது. ஒவ்வொரு தடவையும் நான்தான் தொலைபேசியில் சொன்னேன். "இந்நேரம் யானையே குட்டி போட்டிருக்கும்மா" என்று முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை எந்த மாதம் என்று மட்டும் கேட்டார்.

மாதிரியைத் தயாரிக்கும் நிறுவனம் இன்ஜினின் பழைய படம் கேட்டபோது ஹ்ரெஸ்கோ தன்னிடமிருந்த ஒரே ஸ்லைடை, அட்டைச் சட்டமிட்ட பிலிம் துண்டை, கொடுத்தார். மாலை வகுப்பில் இயந்திர வரைபடம் படிக்கிறேன் என்பதால் அதை ஸ்கேன் செய்து குறிப்பெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆணி வரிசைகளையும் ஏணிப் படிகளையும் இரண்டிரண்டு முறை எண்ணி, குறித்து அனுப்பினேன். படத்தில் இன்ஜினின் எண் உறைபனியால் மூடியிருந்தது.

அவருடைய விரல்கள் மூக்கிலிருந்து கைப்பிடிக் கம்பி வழியாக ஏறி, ஓட்டுநர் அறையின் கூரையில் நின்றன.

"ஜோலீன், மணி எங்கம்மா?"

இடது பக்கம் என்றேன்.

"வலது பக்கமில்ல இருக்கணும்? என் தலைக்கு மேலயே அடிக்கும். பொண்டாட்டி திட்டினது ஒண்ணுமே என் காதுல விழாம போனது அதனாலதான்."

உள்ளே போய் ஸ்லைடை விளக்குக்கு நேரே பிடித்தேன். அட்டையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அழுக்கென்று நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டும் என்று ஹ்ரெஸ்கோவே நாற்பது வருடத்துக்கு முன் வைத்த அடையாளம் அது. பின்பக்கமாகத் திருப்பி ஸ்கேன் செய்திருக்கிறேன்; வலது இடதாகிவிட்டது. எல்லாவற்றையும் எண்ணினேன், இதைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியிலேயே தயார் செய்திருந்தேன்.

"படத்துல எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் அவர்.

"இடது பக்கம்தான், சார்." நான் ஸ்கேன் செய்த படத்தில் அது உண்மைதான்.

விரலால் மணியை இன்னொரு முறை தடவினார். "அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு. படம் பொய் சொல்லாது. கண்ணு போச்சு, ஞாபகமாவது மிச்சம்னு நெனச்சேன்."

என் வாக்கியம் வாயிலேயே இருந்தது.

அவர் இன்ஜினை மேசைமேல் வைத்தார். மணி தன் வலது கைப்பக்கம் வரும்படி அதைத் திருப்பினார். ஒரு விரலை மணிமேல் வைத்தபடி மெதுவாகத் தள்ள, 2316 பின்புறம் முன்னாக நகரத் தொடங்கியது. மேசை எங்கே முடிகிறதென்று அவருக்குத் தெரியாது. விளிம்புக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு நின்றேன்.