குடிநீர் வரி ரத்து

குடிநீர் வரியை ரத்து செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை நகர்மன்றத்தில் கொண்டுவந்தது எழிலரசிதான். தேர்தலில் அவள் கொடுத்த வாக்கு அது.

அவளுடைய வார்டைப் பெங்களூர் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் புதிதாக எழுந்த அடுக்ககங்கள். மறுபக்கம் அவள் பிறந்து வளர்ந்த காலனி. அடுக்ககங்களுக்கு நகராட்சிக் குழாய் இன்னும் வரவில்லை. போர்வெல் தண்ணீரும் தனியார் லாரியும்தான். வரி மட்டும் தவறாமல் வந்தது. “குழாயே இல்லாம எதுக்கு மேடம் வரி?” என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கௌதம் கேட்டபோது அவளுக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. அடுக்ககத்து ஓட்டில்தான் ஜெயித்தாள்.

காலனிக்கும் குழாய் கிடையாது. அங்கே யாரும் வரி கட்டுவதுமில்லை. நகராட்சி லாரி வந்து தெருமுனைக் கறுப்புத் தொட்டிகளை நிரப்பிவிட்டுப் போகும். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று காலனியில் யாரும் யோசித்ததில்லை. எழிலரசியும்தான்.

மன்றக் கூட்டத்தில் ஆணையர் எழுந்து அதைச் சொன்னார். “லாரி ஒப்பந்தக்காரருக்கு இந்த வரியிலதான் பட்டுவாடா ஆகுது. ரத்து பண்ணா இலவச லாரிய நிறுத்த வேண்டியிருக்கும்.”

எழிலரசிக்குக் காலனியின் கறுப்புத் தொட்டிகள் நினைவுக்கு வந்தன.

“நிறுத்தட்டுமே” என்றார் வேம்புலி. அவரும் ஒரு கவுன்சிலர். “யாரோ புடிக்கிற தண்ணிக்கி எங்க வார்டு ஜனம் இன்னாத்துக்கு அழுவணும்?”

மேஜைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எழிலரசி எழுந்தாள். “தலைவரே, தீர்மானத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன். குழாய் போட்டப்புறம் பாத்துக்கலாம்.”

தலைவர் கோவிந்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “கொண்டாந்தது நீதானேம்மா? இப்ப எல்லாருமே கேக்கறாங்க. ஓட்டுக்கு உட்டுடலாம்.”

தன்னுடைய தீர்மானத்துக்கு எதிராக எழிலரசி கை தூக்கினாள். கூட இரண்டு கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது.

படிக்கட்டில் கௌதம் நின்றிருந்தான். “ஏன் மேடம் எதிரா ஓட்டு போட்டீங்க?”

“எங்க தெருவுக்குத் தண்ணி நின்னுடும் சார்.”

“அதுக்கு வேற ஏதாவது ஃபண்ட் இருக்கும் மேடம். கேட்டுப் பாருங்க.” அவன் அக்கறையோடுதான் சொன்னான். அவள் கேட்டுப் பார்த்தாள். வேறு ஃபண்ட் இல்லை.

சித்திரை வெயில் ஏறும்போது லாரி நின்றது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா அடுக்ககத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். எழிலரசிக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள். வேலை முடிந்து வரும்போது அங்கிருந்தே ஒரு குடம் கொண்டுவரத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் போனார்கள். காவலாளி தடுத்தான்.

எழிலரசி கௌதமைத் தேடிப் போனாள். சங்கக் கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னான், பேசவும் செய்தான். மறுநாள் போனில் அவன் குரல் இறங்கியிருந்தது. “எங்க போரே வத்திடுச்சு மேடம். வெளியாட்களுக்கு வேண்டாம்னு மெஜாரிட்டி சொல்லிட்டாங்க. நான் தனியா என்ன பண்றது?”

அதன்பிறகு பெண்கள் நெடுஞ்சாலையின் நடுச்சுவரைத் தாண்டிப் பெட்ரோல் பங்க் குழாய்க்குப் போனார்கள். ஒருநாள் காலையில், குடத்தோடு சுவரிலிருந்து இறங்கிய பொன்னியம்மாவின் மேல் பைக் மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது.

அரசு மருத்துவமனையில் எழிலரசி வெகுநேரம் அவள் காலருகே உட்கார்ந்திருந்தாள். பொன்னியம்மா கண்ணைத் திறந்தாள். மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“யாராண்ட கேட்டுகினு அந்தத் தீர்மானத்த எய்தின?”

“அப்பார்ட்மெண்ட்காரங்க கேட்டாங்கக்கா.”

“எங்களாண்ட?”

எழிலரசி சேலை முந்தானையைக் கையில் சுருட்டினாள். “கேக்கல.”

“லாரி எதுல ஓடுதுன்னு எனக்கும்தான் தெரியாது” என்றாள் பொன்னியம்மா. “ஆனா, கேட்டிருந்தா, எதுல கை வச்சாலும் தண்ணில மட்டும் வக்காதன்னு சொல்லிருப்பேன்.” பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியாலா கோபத்தாலா என்று எழிலரசிக்குப் புரியவில்லை. நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றாள்.

மறுநாள் எழிலரசி, லாரியை மறுபடி விடச் சொல்லி ஆணையரிடம் மனு கொடுத்தாள். அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் எழிலரசி பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றாள். முன்னாலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். குழாயில் நூலாகத்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.