முலுண்டிலிருந்து வந்த பாதம்

தாராவியில் பரீஹாவுக்கு ஒரு மாடிப் பட்டறை. வளைந்த பாதத்தோடு பிறக்கிற பிள்ளைகளுக்கு அளவெடுத்து ஜோடு தைக்கிறவள். அன்று மாலை ஆறு மணிக்கு முலுண்ட் ஆஸ்பத்திரியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். பிரித்த கையோடு ஜோடு மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பாடுபட்டு நிமிர்த்திய பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். கடைசிக் கட்டுப் போடுமுன் எடுத்த பாதத்தின் ஸ்கேன் ஃபைலோ இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரியின் புது ஸ்கேன் மெஷினுக்கு மெயிலும் தெரியாது, வாட்ஸ்அப்பும் தெரியாது. எஃப்டிபி என்கிற பழைய வழியில்தான் பரீஹாவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அப்படியொரு பிடிவாதம் அதற்கு.

"லாகின் ஆறது பரீஹா. ஃபைல் மட்டும் அப்படியே நிக்கறது," என்றாள் போனில் டாக்டர் சாருலதா.

வெளியிலிருந்து வருவதை மறித்து நிறுத்துகிற ஃபயர்வாலின் விவரங்களைப் பரீஹா தேடிப் படித்தாள். படிக்கப் படிக்க வாய் பிளந்தாள். பேசுவதற்கு ஒரு வழியாம், சரக்கு வருவதற்கு வேறு வழியாம். 'இந்த விலாசத்துக்கு, இந்த எண் கதவுக்கு வா' என்று ஒவ்வொரு முறையும் அவளுடைய கம்ப்யூட்டரே முலுண்டுக்குச் சொல்லி அனுப்புகிறதாம். மேசைக்கடியில் சும்மா உறுமிக்கொண்டு கிடக்கிற சனியனுக்கு இவ்வளவு சாமர்த்தியமா! ஆனால் அது சொல்லியனுப்பியது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற விலாசம். முலுண்ட் மெஷின் அதை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடும், பாவம். இதையெல்லாம் அமைத்துக்கொடுத்த சர்வீஸ்காரனும் பேச்சு வழியை மட்டும் திறந்துவிட்டுப் போயிருந்தான்.

சரக்கு வருவதற்கென்று ஃபயர்வாலிலும் தன் ரவுட்டரிலும் ஐம்பது கதவுகளைத் திறந்தாள். அந்த ரவுட்டரின் வெளிப்பக்க விலாசத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்படியும் வரவில்லை. மணி பதினொன்றே முக்கால். இன்னும் அரைமணி போனால் தைத்து முடித்து ரயிலேற முடியாது.

அப்போதுதான் அந்த விலாசத்தை உற்றுப் பார்த்தாள். அதுவும் 192.168 என்று தொடங்குகிற உள்வீட்டு விலாசம். தலையில் அடித்துக்கொண்டாள். இன்டர்நெட் லைன் அவளுடையதே இல்லை! கீழே பெல்ட் பட்டறை ஜஹாங்கீருடையது. ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து நாலு வருஷமாகிறது, சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அவளுக்கு வெளி என்பது ஜஹாங்கீருக்கு உள்.

கீழே ஜஹாங்கீர் காக்காவிடம் ஓடினாள். "காக்கா, உங்க ரவுட்டர கொஞ்சம் பாக்கணும்."

"பாரேன் புள்ள. மேல டீ கிளாஸ் இருக்கு, தட்டிராத."

அதிலும் அதே ஐம்பது கதவுகளைத் திறந்து, மாடிக்கு வழிகாட்டிவிட்டாள். உலகத்துக்குத் தெரிகிற நிஜ விலாசம் அங்கேதான் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு மேலே வந்து மாற்றினாள்.

"இப்ப அனுப்புங்க டாக்டர்."

திரையில் பாதம் எழுந்தது. ஐந்து விரல்கள், குதிகால் மடிப்பு, சுண்டுவிரலில் கடுகளவு நகம். யா அல்லாஹ் என்றாள் பரீஹா.

பின்னாலேயே படியேறி வந்திருந்த ஜஹாங்கீர் குரலைத் தணித்துக் கேட்டார். "இது என் கடை வழியாவா வந்துச்சு?"

"ஆமா காக்கா. உங்க கடைக்குள்ள நுழைஞ்சுதான் மாடிக்கு வந்துருக்கு."

"புள்ள நடக்குதா?"

"இன்னும் ஒரு எட்டுக்கூட வச்சதில்ல."

ஜஹாங்கீர் திரைக்குக் கிட்டே குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார்.

"அப்ப மொத எட்டு நம்ம கடையிலதான் வச்சிருக்கு," என்றார்.

பரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு தோலை விரித்தாள்.