எந்த நாற்பது

சாய்ந்தமருதில் சல்மா உம்மாவின் வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள், இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் நடக்கும். நோன்புப் பெருநாள் கழிந்து, பலகாரத் தகரங்கள் இன்னும் காலியாகாத நேரத்தில் அது வரும். தன் உம்மா ஆசியா உம்மாவின் பேரில் சல்மா உம்மா பள்ளிவாசல் லெவ்வையை அழைத்து ஓதவைத்து, துஆ முடிந்ததும் வந்தவர்களுக்குச் சோறு கொடுப்பார். அவருடைய ஒரே தம்பி ஷரிபுதீன் மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். துஆவுக்கு இருப்பார். பலர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சஹன் வரும்போது எழும்பிவிடுவார்.

“அவனுக்குச் சோறு வேணா,” என்று சல்மா உம்மா எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். “உம்மாவத் திண்டவன். இன்னும் செமிக்கல்ல.”

எல்லோரும் சிரிப்பார்கள். ஷரிபுதீனும் சிரிப்பார்.

அவருடைய மகள் நுஸ்ரத் இந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தவள். ஆசியா உம்மாவைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நாப்பதுக்குள்ள மௌத்தான. படம் இல்லை. அவருடைய கணவர் மறுபடி கல்யாணம் முடித்து நிந்தவூரில் அந்தப் பெண்ணின் வீட்டோடு போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேரையும் வளர்த்த பெரியம்மா, இறந்துபோன தங்கச்சியைப் பற்றிக் கதைத்ததே இல்லை. பிள்ளை பெற்ற தாய் நாற்பது நாளைக்குள் போய்விட்டாள், பிள்ளை தங்கிவிட்டது என்று அந்த வாக்கியத்துக்கு எல்லோரும் பொருள் வைத்திருந்தார்கள்.

நுஸ்ரத் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தாள். அந்த வருடக் கத்தம் முடிந்து திரும்பி வரும்போது, மோட்டார் சைக்கிளை ஓட்டியபடியே வாப்பா சொன்னார்:

“மகள், அந்த மரத்துல என்ட உம்மாட பேருக்குப் பக்கத்தில ஒண்டும் எழுதாம விடு.”

“ஏன் வாப்பா?”

“எழுதினா என்ட பிறந்த நாளுக்குப் பக்கத்திலதானே எழுதவேணும்.”

அடுத்த கிழமை நுஸ்ரத் பிரதேச செயலகத்துக்குப் போய் இறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை வாங்கினாள். மரணத்தின் காரணம் என்று ஒரு கட்டம் சான்றிதழில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் பிரசவம் என்று இல்லாமல் வேறு எதுவாவது இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

“பதிவு இலக்கம் தெரியுமா தங்கச்சி?” என்று கேட்டார் உத்தியோகத்தர்.

“தெரியா.”

“அப்படியெண்டா ரெண்டு வருஷத்துக்குள்ளதான் தேடுவம். எந்த ரெண்டு?”

வாப்பா பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு மார்ச்சில். அவள் யோசிக்காமல் அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று என்று எழுதினாள். சில கிழமைகளுக்குப் பிறகு பதில் வந்தது. அந்தப் பெயரில் பதிவு எதுவும் காணப்படவில்லை.

“பதியாம விட்டிருப்பாங்க,” என்றார் ஷரிபுதீன். “அந்தக் காலத்தில ஆரு இதெல்லாம் பதிஞ்ச?”

அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது போல் நுஸ்ரத்துக்குப் பட்டது. தாளை மடித்து மரத்தோடு சேர்த்து வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டு ஜெனூபா பிள்ளை பெற்றிருந்தாள். ஒரு நாள் மாலை வாசல்வரை வந்து, பிள்ளையைத் தோளில் போட்டபடி கூப்பிட்டாள்.

“நுஸ்ரத், சனிக்கிழமை எங்கட மாமாட நாப்பது. வாப்பாவையும் கூட்டிக்கு வாகா.”

மாமா என்றது அவளுடைய மாமனாரை. அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் வந்திருந்தது.

“நீயும் வாறதானே?”

“நான் எப்பிடி வாற? நானே நாப்பதுக்குள்ள கிடக்கன்.” ஜெனூபா சிரித்தாள். “எனக்கு ஒரு நாப்பது, அவருக்கு ஒரு நாப்பது. இவன் அவர்ர நாப்பதுக்குள்ள பிறந்தவன், நான் இவன்ட நாப்பதுக்குள்ள. எந்த நாப்பதெண்டு எனக்கே விளங்குதில்ல.”

நுஸ்ரத் சிரிக்க மறந்து நின்றாள்.

மறுநாள் அவள் சாய்ந்தமருதுக்குப் போனபோது சல்மா உம்மா கிணற்றடியில் கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மாமி, உங்கட உம்மாட உம்மா எப்ப மௌத்தான?”

“அவவா? எங்கட உம்மாக்குக் கொஞ்சம் முன்னதான். மையத்து வீட்டுக்கு வந்த சனம் போய் முடியல்ல, மறுகா இவவும் படுத்திட்டா.”

“அண்டைக்கு வாப்பா பிறந்திட்டாரா?”

“நல்ல கேள்வி கேக்கிறாய்! மையத்தோட சந்தூக்க நடுவீட்ட வெச்சிருக்கு, உங்கட வாப்பா அதுட காலப் புடிச்சிக்கு நிக்கான். விடமாட்டனெண்டு ஒரே கத்து. நான்தான் இழுத்தெடுத்த. இஞ்ச, இந்தக் கையிலதான் கடிச்ச.”

“கடிச்சாரா? பல்லு இருந்ததா மாமி?”

“பல்லில்லாம எப்பிடிப் புள்ள கடிக்கிற?” என்றார் சல்மா உம்மா. பூனை ஒன்று மீனுக்குக் கிட்ட வந்தது. அவர் அதை விரட்டுவதில் முனைந்தார்.

பல் முளைத்த பிள்ளைக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று நுஸ்ரத் விரல்விட்டு எண்ணினாள். மறுபடி ஒரு விண்ணப்பம் வாங்கி, அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு என்று எழுதிக் கொடுத்தாள். இந்த முறை பதிவேட்டின் பிரதியே வந்தது.

அதை அவள் வாப்பாவின் சாரன் விற்கும் துணிக்கடையில் வைத்து வாசித்தாள். ஆசியா உம்மா. வயது இருபத்தாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநான்கு, ஆகஸ்ட் மாதம். காரணம், நெருப்புக் காய்ச்சல். அறிவித்தவர் கணவர், இடது பெருவிரல் அடையாளம்.

ஷரிபுதீன் சாரன் மடித்துக்கொண்டிருந்தார்.

“வருஷத்த ஒருக்கா வாசி.”

வாசித்தாள்.

“நான் எப்ப பிறந்த?”

“அறுபத்திரண்டு வாப்பா.”

அவர் மடித்த சாரனை உதறி மறுபடி மடித்தார். “அப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்திருக்கா,” என்றார். பிறகு, “பாலும் தந்திருப்பா,” என்றார். அந்த நேரம் ஒருவர் சாரன் கேட்டு வந்தார். அவர் எழுந்து நிறம் காட்டப் போனார்.

சல்மா உம்மா இலகுவில் ஒத்துக்கொள்ளவில்லை. “கடதாசி பிழைக்கும் புள்ள. ஊரெல்லாம் செல்லுற கதை பிழைக்குமா?”

“ஊர் செல்லல்ல ராத்தா. நீங்கதான் செல்லின,” என்றார் ஷரிபுதீன்.

“பெரியாக்கள் நாப்பதுக்குள்ள போயிட்டா எண்டு கதைச்சதைக் கேட்டுக்குத்தானே செல்லின. நான் ஏழு வயசுப் புள்ள, எனக்குத் தெரிஞ்ச நாப்பது புள்ள பெத்தாக்கள்ற நாப்பது.”

“அது உங்கட உம்மம்மாட நாப்பது மாமி,” என்றாள் நுஸ்ரத்.

சல்மா உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கைநாட்டு இருந்த இடத்தில் விரல் நின்றது. அந்தக் கறுப்பு அடையாளத்தின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

“இது வாப்பாட விரல்தான்,” என்றார். “வாய்க்கால் வெட்டக்குள்ள மண்வெட்டி பட்ட காயம்.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வயசு எத்தினையெண்டு செல்லின?”

“இருபத்தாறு.”

“எங்கட நிப்லாவ விடச் சின்னவ.” நிப்லா அவருடைய கடைசி மகள். தாளைத் திருப்பிக் கொடுத்தார். “அப்ப இவ்வளவு காலமும் மாறின மாசத்திலயா ஓதின?”

“ஓதினது அவவுக்குச் சேர்ந்திருக்கும் ராத்தா. மாசந்தான் பிழ.”

ஆசியா உம்மா மௌத்தான தேதிக்குப் பொருந்தும் ரபீஉனில் ஆகிர் மாதத்தில் சல்மா உம்மா இன்னொரு கத்தம் வைத்தார். பெரிதாக யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் வீடு நிறைந்துவிட்டது. துஆ முடிந்தது. சஹன்கள் வந்தன. ஷரிபுதீன் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி அவருக்கு இடம் விட்டார்கள்.

சல்மா உம்மா வழக்கம்போல வாயைத் திறந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அந்தச் சஹனுக்கு இன்னும் ரெண்டு அகப்பை வையுங்க,” என்றார். “அறுபது வருஷப் பட்டினி.”

ஷரிபுதீன் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். ஒரு துண்டு இறைச்சியை நெடுநேரம் மென்றார்.

“ராத்தா, இறைச்சி அவியல்ல.”

“அவிஞ்சிதான் இரிக்கு,” என்றார் சல்மா உம்மா, தன் முன்கையைத் தடவிக்கொண்டு. “உனக்கு அப்ப இருந்த பல்லு இப்ப எங்க?”