மந்திர வாளி

என் அத்தான் செய்த ஒரு எழுத்துப் பிழைக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அந்த மனிதரிடம் மட்டும் அதைச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

விஷயம் இதுதான். அக்காவைக் கட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு வீடியோ கேமுக்கு வசனம் எழுதினார். வீரன் ஊர் ஊராகப் போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பேசி, கடைசியில் நெருப்பு அரக்கனை மந்திர வாளால் வெல்ல வேண்டும். இவர் 'மந்திர வாள்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'மந்திர வாளி' என்று அடித்துவிட்டார். படம் வரைந்தவர் மகா உத்தமர். ஒரு கேள்வி கேட்காமல், கைப்பிடி வைத்த தகர வாளி ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டார். கேம் கடைக்குப் போன பிறகு பார்த்தால், வீரன் வாளியைத் தலைக்கு மேல் சுழற்றி அரக்கனை மொத்திக்கொண்டிருக்கிறான்.

விளையாடியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு விட்டார்களா? அவர்களே வளர்ந்து சொந்தமாக கேம் செய்யத் தொடங்கியதும் ஆளாளுக்கு ஒரு வாளியை ஒளித்துவைத்தார்கள். கார் பந்தயத்தின் கடைசி வளைவில் ஒன்று. விண்வெளிப் போரில் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதப்பது ஒன்று. பேய் பங்களாக் குளியலறையில், 'இதைத் தொட்டவன் வீரன்' என்ற எழுத்தோடு ஒன்று. அவற்றைத் தேடிப் பிடித்து அத்தானுக்குப் படம் அனுப்பாவிட்டால் மச்சினி எனக்குச் சாப்பாடு இறங்காது.

"இன்னும் எத்தனை வருஷம் என் மானத்தை வாங்குவாங்க?" என்பார்.

"மானத்தை வாங்கல அத்தான், மரியாதை பண்றாங்க. பிடிக்காமலா இப்படி ஒளிச்சு வைக்கிறாங்க?"

"போ போ, வேலையைப் பாரு."

அந்த அவமானத்தில் கதை எழுதுவதையே விட்டுவிட்டு, வாஷிங் மெஷினுக்குக் கையேடு எழுதப் போனார். 'மூடியை மூடவும்.' அதில் என்ன வீரம் இருக்கிறது, சொல்லுங்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்த வேலையும் போய்விட்டது. அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. ஒரு புதிய கேம் நிறுவனம் வாளியை எழுதியவரைத் தேடுகிறது. ஆள் கிடைத்தால் வசனம் எழுதும் வேலை தருமாம். பழைய கேமில் எழுதியவர் பெயரையே போடவில்லை. அத்தானைக் கேட்காமலே அவருக்காக விண்ணப்பித்துவிட்டேன். தெரிந்ததும் குதித்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

துணைக்குப் போன என்னையும் சேர்த்து ஏற இறங்கப் பார்த்தார் அந்த நிறுவனத்தின் முதலாளியம்மா. "நான்தான் வாளின்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டமே வந்துட்டுப் போயிடுச்சு. உங்களை எப்படி நம்புறது?"

இத்தனை வருஷமாக நான் இல்லை, நான் இல்லை என்று ஓடியவர் இப்போது நான்தான் என்று நிரூபிக்க வேண்டும்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தான் முறைத்தார்.

"வீரனுக்கு வாள் கிடைக்கிற காட்சியை இங்கயே அடிங்க," என்று மடிக்கணினியைத் தள்ளினார் முதலாளியம்மா.

அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. 'வாள்' என்று அடித்து, புள்ளி இருக்கிறதா என்று மூக்கு திரையில் முட்டப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாவி மனுஷா, இன்றைக்காவது தப்பாக அடிக்கக் கூடாதா?

"வந்தவங்க எல்லாரும் வேணும்னே வாளின்னு அடிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் வாள்னு..." என்று படித்துக்கொண்டே வந்த முதலாளியம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

'அரிசி சிம்மாசனத்திலிருந்து எழுந்து வந்து வீரனிடம் வாளைக் கொடுத்தாள்.'

வாளைக் காப்பாற்றிய மனுஷன் அரசியைக் கோட்டை விட்டிருந்தார்.

"ஐயோ! மாத்திடறேன், மாத்திடறேன்," என்று பாய்ந்தார் அத்தான்.

"கையை எடுங்க சார்! அது அப்படியே இருக்கட்டும். எப்ப வேலைக்கு வர்றீங்க?"

அந்த கேம் வெளிவந்தபோது சிம்மாசனத்தில் கிரீடம் வைத்த அரிசி மூட்டை ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. போன வாரம் வேறு யாரோ செய்த கார் பந்தயத்தை விளையாடிக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் வாளிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை! படம் எடுத்து அனுப்பலாம் என்று போனைத் தூக்கினால், அத்தான் அதை எனக்கு முன்னாலேயே அனுப்பியிருந்தார்.