கழற்றிக் கழுவாதது

அழகுத்தாயின் வயிற்றில் நான்கு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மூன்று துளைகள் ஆறி, பயறு அளவுத் தழும்பாகிவிட்டன. தொப்புளுக்கு மேலே இருந்தது மட்டும் மூடவில்லை. ஷெரின் பழைய கட்டைப் பிரித்தபோது துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் மஞ்சள் என்றும் சொல்ல முடியாத, வெள்ளை என்றும் சொல்ல முடியாத ஒரு நீர் கசிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஊதா நிறத்தில் இரண்டு கட்டிகள். ஒன்றை லேசாக அழுத்தினாள். திரிந்த தேங்காய்ப்பால் மாதிரி ஏதோ பிதுங்கி வந்தது. கையுறை போட்டிருந்தும் விரலை உதறிக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஷெரின் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டருக்கும் கட்டு மாற்றும் அறைக்கும் அவள்தான் பொறுப்பு. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி பஞ்சு மார்க்கெட்டில் இறங்குவாள். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. சர்க்கரை நோயாளியின் அழுகிய காலிலிருந்து புழு எடுத்துவிட்டு, கையைக் கழுவி, நேரே போய் இட்லி சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் இந்த நீர் அவளை என்னவோ செய்தது. காய்ச்சல் இல்லை, பெரிய வலி இல்லை, நாற்றம்கூட இல்லை. எந்த மாத்திரைக்கும் அடங்காமல் சாவகாசமாக ஊறிக்கொண்டே இருந்தது.

சர்ஜன் டாக்டர் விமல் வந்து பார்த்தார். சீழை லேபுக்கு அனுப்பியதில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்றார். பிறகு அழகுத்தாயிடம் தினமும் குளிக்கிறீர்களா, வீட்டில் ஆடு மாடு கட்டியிருக்கிறீர்களா, புண்ணில் எதையாவது அரைத்துப் பூசினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். குளிக்கிறேன் என்றாள். மற்ற இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தாள். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. உடன் வந்திருந்த மாமியார் முத்தாத்தாளைப் பார்த்து, சுத்தம் போதவில்லை, வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஷெரினும் தன் பங்குக்குச் சொன்னாள்.

"நாங்க என்னதான் கட்டுக் கட்டினாலும், வீட்டுல போயி அழுக்கோட கெடந்தா புண்ணு எப்படிக்கா ஆறும்?"

 அழகுத்தாய் செட்டியார்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அங்கே ஓடுவது பேண்டேஜ் துணி. சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மகாராஜபுரத்து விவசாயி, குடல்வால் எடுத்தவர். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி ஆசிரியை. அதே நீர், அதே ஊதாக் கட்டி. ஆசிரியையிடம் யாரும் ஆடு மாடு பற்றிக் கேட்கவில்லை. அதை ஷெரின் கவனித்தாள். மூவருக்கும் ஆபரேஷன் நடந்தது அதே தியேட்டரில், துளை வழியே வயிற்றுக்குள் விடும் அதே லேப்ராஸ்கோப்பிக் கருவிகளால் என்பதும் மனதில் ஓடியது. ஓடியதே தவிர, நின்று யோசிக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

அழகுத்தாய் இரண்டு முறை கட்டு மாற்ற வரவில்லை. ஷெரின் போன் செய்தாள். பஸ்ஸில் உட்காரும்போது ஈரம் சேலைக்கு மேலே வந்துவிடுகிறது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் வரவில்லை என்றாள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெரின் கட்டுத் துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு அழகுத்தாயின் ஊரான சேத்தூருக்கு பஸ் ஏறினாள்.

இரண்டு அறை கொண்ட சிமெண்டுத் தரை வீடு. ஒரு தூசு இல்லை. பின்பக்கம் கொடியில் கட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஈ உட்காராமல் இருக்க அவற்றின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அடுப்பில் ஒரு அலுமினியச் சட்டியில் இன்னும் சில துணிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியின் கட்டு அறையில் நேற்று மாலை தரையில் கிடந்த பஞ்சை யாரும் பொறுக்கவில்லை என்பது ஷெரினுக்கு ஞாபகம் வந்தது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் தம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை அழகுத்தாயுடையவை. மூன்று வாரமாக அவள் அடுப்படிக்குள் நுழையவில்லை. பிள்ளைகள் ஆச்சியோடு படுத்துக்கொண்டன. கணவன் ஐயாதுரை திண்ணையில் தனியாகப் படுத்தான். அவளுக்குப் பின்னறையில் ஒரு பாய். முத்தாத்தாள் இதை ஒளிக்காமல் சொன்னாள். வேண்டுமென்று செய்யவில்லை, பெரிய டாக்டரே அழுக்கு என்று சொன்ன பிறகு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"நீங்களும் அதத்தான தாயி சொன்னிய" என்றாள்.

ஷெரின் குனிந்து கட்டை மாற்றினாள். அவள் சொன்ன ஒரு வார்த்தை எட்டு கிலோமீட்டர் வந்து, இந்த வீட்டில் ஒரு தட்டைப் பிரித்து வைத்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் சேலை மாற்றி, யூனிஃபார்ம் போட்டு, நேரே தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கழுவும் அறைக்குப் போனாள். அங்கே டெக்னீஷியன் வேல்பாண்டி இருந்தார். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் மொத்தம் இரண்டு செட். செவ்வாயும் வெள்ளியும் ஐந்தாறு ஆபரேஷன் வரும். ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்த கருவியைக் குழாயில் அலசி, மருந்துத் தண்ணீர் உள்ள நீளமான பிளாஸ்டிக் தொட்டியில் பத்து நிமிடம் போட்டு, மறுபடி குழாயில் அலசி அடுத்தவர் வயிற்றுக்குக் கொடுப்பார்கள். அந்த மருந்துக்குப் பதினாலு நாள்தான் ஆயுள். தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் தேதியை அடித்து அடித்து எழுதியிருந்தார்கள். கடைசியாக எந்தத் தேதி என்று வேல்பாண்டியாலேயே படிக்க முடியவில்லை.

ஷெரின் தொட்டியைச் சாய்த்து மருந்தைக் கொட்டினாள். அடியில் விரல் தடிமனுக்குக் கொழகொழவென்று ஒரு படிவு. சாக்கடை ஓரத்துப் பாசி போல அது தொட்டியோடு ஆடியது, ஒழுகவில்லை. அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

நீளமான இடுக்கி ஒன்றை எடுத்து இதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டாள். கழற்றினதில்லை என்றார் வேல்பாண்டி.

"எப்பயுமேவா அண்ணே?"

"கழத்தி மாட்டக் கால் மணி நேரம் ஆகும் சிஸ்டர். உள்ள டாக்டர் கைய நீட்டிக்கிட்டு நிப்பாரு. யாருக்கு நேரம் இருக்கு?"

அவளே திருகிக் கழற்றினாள். உள்ளே மெல்லிய குழாய் ஒன்று ஓடியது. அதற்குள் சிறிய பிரஷ்ஷை விட்டுத் தள்ளினாள். முதலில் வரவில்லை. அழுத்தியபோது மறுமுனையில் கறுப்பும் பழுப்புமாக ஒரு திரி வெளியே வந்து பீங்கான் தொட்டியில் விழுந்தது. உறைந்த ரத்தம், கொழுப்பு, சதைத் துணுக்கு. எத்தனை பேருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாடை கிளம்பியது. கசாப்புக் கடையை மூடிவைத்து மூன்றாம் நாள் திறந்தால் வருகிற வாடை. புழுவைப் பார்த்துக் கலங்காத ஷெரின் அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள்.

வாயைக் கழுவக் குழாயைத் திறந்தவள், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைத்து அப்படியே மூடினாள். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். மூடி பாதி உடைந்திருந்தது. சுவரெல்லாம் வழுவழுவென்று பச்சை. தண்ணீரின் மேல் புறா இறகுகளும், ஊதிப்போன ஒரு பல்லியும் மிதந்தன. மருந்தில் ஊறின கருவியை வயிற்றுக்குள் விடுவதற்கு முன் கடைசியாக அலசுவது இந்தத் தண்ணீரில்தான்.

கீழே வந்து கருவி கழுவும் பதிவேட்டைத் திறந்தாள். தினசரி ஒரு வரி. 'கழற்றிக் கழுவப்பட்டது' என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு டிக், பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்காமல் போட்டது. சில வாரங்களில் ஆறு நாளுக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. குழாயிலிருந்து விழுந்த அந்தத் திரியைவிட இந்தக் கையெழுத்து அவளுக்குக் குமட்டியது.

டாக்டர் விமலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் மருந்தை மாற்றுங்கள், டேங்கைக் கழுவுங்கள், வெளியே பேச வேண்டாம் என்றார். அவள் நகரவில்லை. ஒரு தடவை வந்து பாருங்கள் என்றாள். வந்தார். பீங்கான் தொட்டியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். தன் அறைக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஆபரேஷனையும் அவரே ரத்து செய்தார். அழகுத்தாயின் கட்டியிலிருந்து ஒரு துண்டு சதை எடுத்து மதுரைக்கு அனுப்பவும் சம்மதித்தார்.

எட்டு நாள் கழித்து மதுரையிலிருந்து நுண்ணுயிர் டாக்டர் ஒருவர் போனில் பேசினார். இது காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை, தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, சாதாரணப் பரிசோதனையில் இரண்டு நாளில் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவதால் அகப்படாது, ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். நீர்த்துப்போன மருந்து இதை ஒன்றும் செய்யாது. கருவிக்குள் சதை அடைத்திருந்தால் நல்ல மருந்துகூட உள்ளே போகாது. கழற்றித் தேய்த்துக் கழுவி, நீராவியில் வேகவைக்க வேண்டும், அல்லது வாயு முறையில் சுத்தம் செய்ய வேண்டும். நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் மாத்திரை, சிலருக்குக் கட்டியை வெட்டி எடுக்க வேண்டிவரும். கடைசியாக, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்றார். ஷெரின் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

புண்ணோடு வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கலாம் என்றார் விமல். நாலு மாதத்தில் அந்தக் கருவிகள் பட்ட நூற்று எழுபத்தொரு பேரையும் கூப்பிட வேண்டும் என்றாள் ஷெரின். நீங்கள் கூப்பிடாவிட்டால் நான் என் போனில் கூப்பிடுவேன் என்றும் சொன்னாள். மூன்று நாள் உட்கார்ந்து கூப்பிட்டாள். பதினோரு பேருக்குப் புண் இருந்தது. எட்டுப் பேர் அதைத் தங்கள் குற்றமென்றே நினைத்து, யாரிடமும் காட்டாமல் துணி சுற்றி மறைத்து வைத்திருந்தார்கள்.

அழகுத்தாய்க்கு மட்டும் அவள் போன் செய்யவில்லை. சேத்தூருக்கு நேரில் போனாள். ஐயாதுரையும் முத்தாத்தாளும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"இந்தப் புண்ணு இவிய அழுக்கால வரல. நாங்க ஒழுங்காக் கழுவாத கருவியால வந்தது. இது யாருக்கும் ஒட்டாது. இவிய கையால ஆக்கித் தாராளமாச் சாப்பிடலாம்."

கருவிக்குள் என்ன இருந்தது என்று ஐயாதுரை கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். முத்தாத்தாள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

அழகுத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"ஊரு பேரு தெரியாதவிய சதைய என் வயித்துக்குள்ள விட்டுட்டு, என்னையவா குளிக்கச் சொன்னிய?"

"ஆமாக்கா" என்றாள் ஷெரின். "தப்புதான். தெனமும் கழுவினதாக் கையெழுத்துப் போட்டது நான்."

அழகுத்தாய் கொல்லைக்குப் போனாள். கல்லோரம் இருந்த தட்டையும் தம்ளரையும் எடுத்துக் குப்பையில் வீசினாள். திரும்பி வந்து, இனிமேல் உங்கள் கை என்மேல் பட வேண்டாம், நான் பெரியாஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஐயாதுரை ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான்.

"நீரு பேசாதீரும்" என்றாள் அவனை. "ஒரு மாசமா மூக்கப் பொத்திக்கிட்டுத்தான இருந்தீரு."

மதுரை அறிக்கையின் நகலைத் தயக்கத்தோடு நீட்டினாள் ஷெரின். அதை மட்டும் அழகுத்தாய் வாங்கிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியை எழுத்து மூலம் புகார் கொடுத்தார். மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தியேட்டர் ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தது. நிர்வாகம் எல்லாவற்றையும் வேல்பாண்டி தலையில் கட்டி அவரை வெளியே அனுப்பப் பார்த்தது. விசாரணையில் ஷெரின் பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தைக் காட்டினாள். அவருடைய வேலை தப்பியது, அவளுடைய பொறுப்பு போனது. புதிதாக நாலு செட் கருவியும் ஒரு நீராவிக் கலமும் வந்தன. இப்போது கழுவும் அறையில் நின்று ஒவ்வொன்றையும் கழற்றித் தேய்ப்பது அவள்தான். கழற்றிக் கழுவி முடிக்காமல் அடுத்த நோயாளியை உள்ளே விடுவதில்லை. டாக்டர் விமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த அறையிலிருந்து வந்த பிறகு அவளால் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. ஸ்பூன் கொண்டுபோகிறாள்.

அழகுத்தாய் ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். நடுவில் ஒரு தடவை கட்டியை வெட்டி எடுத்தார்கள். தறிக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஷெரின் ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கிப் போன் செய்தாள். பின்னால் தறிச் சத்தம். யாரென்று தெரிந்தும் அழகுத்தாய் போனை வைக்கவில்லை. புண் ஆறிவிட்டதா என்று ஷெரின் கேட்டாள்.

"ஆறிருச்சு. வெரல் நீளத்துக்குத் தழும்பு. டாக்டரம்மா இனி ஒண்ணுமில்லன்னுட்டாவ."

அழகுத்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"குளிக்கும்போது அந்த எடத்துல மட்டும் கை போகமாட்டேங்குது சிஸ்டர். துணியால சுத்தித்தான் தேய்க்கேன். என் ஒடம்புதான். ஆனா தொட்டா கொமட்டுது."

 நூல் அறுந்துவிட்டது, வைக்கிறேன் என்று அழகுத்தாய் போனை வைத்தாள்.