மூன்றாவது நாற்காலி

பெக்கம் பகுதியில் இருந்த அந்த வீட்டுவசதி அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் என்றால், அறிக்கையை மேசையைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக உரக்க வாசிக்க வேண்டும். கெரிஷா அடித்துப் பிடித்து மூன்றாவது நாற்காலியில்தான் உட்காருவாள். மூன்றாம் பக்கத்தை முந்தைய நாளே செல்பேசியை வாசிக்கவிட்டுக் கேட்டு, மனப்பாடம் செய்துவிடுவாள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல். எழுத்துகள் அவள் கண்ணுக்கு அடங்குவதில்லை.

"வெளிய மூச்சு விடாத," என்று அம்மா வாயைக் கட்டியிருந்தாள். "கறுப்புப் பொண்ணுன்னாலே ஒரு மாதிரி பாக்குறாங்க. இது வேறயா?"

இப்போது குழுத் தலைவி பதவிக்குக் கெரிஷாவின் பெயர் அடிபட்டது. அதனால் இயக்குநர் யெவாண்டேயே கூட்டத்துக்கு வந்திருந்தார். அந்த அம்மாள் முறைத்தால் காபி ஆறிவிடும். காதில் எப்போதும் ஒரு சின்னக் கருவி. காது மந்தம் என்று பேச்சு.

கெரிஷா தாளைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்து முடித்தாள். நிமிர்ந்தால், எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா தாயே, அது பழைய பக்கம்," என்றாள் பக்கத்தில் இருந்த டயோன். "காலையில மாத்திட்டாங்க. உன் கையில இருக்கிறது புதுசு. அதுல இல்லாதத எப்படிடி வாசிச்ச?"

கெரிஷா தாளை மேசையில் வைத்தாள். பதவி போயே போச்சு. சமாளிக்க ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"படிக்கிறது எனக்குப் பெரும்பாடு. டிஸ்லெக்சியா. மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

யெவாண்டே காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதிலிருந்து மெல்லிய குரல் ஒன்று புதிய மூன்றாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தது.

"என் காது நல்லாத்தான் கேக்குது. கண்ணுதான் எழுத்தோட சண்டை போடும். எனக்கும் அதேதான்மா."

கெரிஷா கருவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த மனுஷியா? உள்ளே நுழைந்தாலே அலுவலகம் கப்சிப்பென்று ஆகிவிடுமே, இவரா? தன்னைப் போல ஒருத்தி அவ்வளவு உயரத்தில் இருப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது.

"இனிமே யாரும் சத்தமா வாசிக்க வேணாம். அறிக்கை முன்கூட்டியே ஒலிப்பதிவா வரணும்," என்றார் யெவாண்டே.

"அப்ப என் குரல யாரு கேப்பா?" என்றாள் டயோன்.

"பதிவு பண்றதே நீதான்."

சிரிப்பு அடங்கியதும் யெவாண்டே கெரிஷா பக்கம் திரும்பினார். "பதவிக்கான நேர்காணல் கேள்விகளையும் முன்னாடியே கேட்டு வாங்கு. சலுகை இல்ல, உன் உரிமை. இப்ப இங்க வா, புதுப் பக்கத்தக் கேப்போம்."

இன்னொரு காதுக் கருவியை அவர் நீட்டினார். கெரிஷா மூன்றாவது நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.